கிரீன் டீ குடித்தால் ரத்தத்தில் சீனி குறையுமா? எவ்வளவு குறையும்?

யீஷூன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது, இரண்டாம் வகை நீரிழிவு. பலதுறை மருந்தகத்தில் கொடுத்தபடி மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம் காலையும் இரவும், கிளிபிசைட் 5 மில்லிகிராம் காலையில் மட்டும் எடுக்கிறார். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சீனியைக் காட்டும் சோதனை) 7.8 விழுக்காடு. சைவச் சாப்பாடு.

இப்போது காலையில் வெறும் வயிற்றில் கிரீன் டீ குடிக்கிறார். குடித்தால் பசி அடங்கிவிடுகிறது என்று சில நாள் பசியாறுவதே இல்லை. டீ தொடங்குவதற்கு முன் காலை அளவு 7.9 மில்லிமோல், தொடங்கிய பிறகு 7.2. டீதான் குறைத்தது என்று உறுதியாக நம்புகிறார். மருந்தைக் குறைக்கலாமா என்றும் யோசிக்கிறார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த 0.7 டீயால் வந்ததா? வாட்ஸ்அப்பில் ஒருவர் விற்கும் 'கிரீன் டீ சத்து' கேப்சூல், ஒன்றில் 500 மில்லிகிராம், தினம் இரண்டு என்கிறார்கள். வாங்கலாமா? கடையில் கிடைக்கும் போத்தல் ஜாஸ்மின் கிரீன் டீயும் இதே பலன் தருமா?

பத்தியக்கணக்கு:

முதலில் அந்த 0.7. வீட்டு மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 தரத்தின்படி, 5.55 மில்லிமோலுக்கு மேற்பட்ட அளவுகளில் மீட்டர் ஆய்வுக்கூட அளவைவிட 15 விழுக்காடு கூடவோ குறையவோ காட்டலாம். உண்மை அளவு 7.9 என்றால் 6.7 முதல் 9.1 வரை எந்த எண் வந்தாலும் மீட்டரில் பழுதில்லை. இதோடு முதல் நாள் இரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், சோறா சப்பாத்தியா, தூக்கம் எப்படி என்பதெல்லாம் காலை அளவை மாற்றும். விடியற்காலையில் உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து சீனியை வெளியே தள்ளும். அது எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. ஆகவே இரண்டு நாள் எண்ணை வைத்து டீயைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

டீயின் உண்மையான பங்கு எவ்வளவு என்று பார்ப்போம். 2020ல் வந்த ஒரு தொகுப்பாய்வு 27 சோதனைகளை, ஏறத்தாழ 2,200 பேரை, ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டது. வெறும் வயிற்று அளவு சராசரியாகக் குறைந்தது டெசிலிட்டருக்கு 1.44 மில்லிகிராம். நம் ஊர்க் கணக்கில் 0.08 மில்லிமோல். எச்பிஏ1சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2013ல் 17 சோதனைகளைச் சேர்த்த இன்னொரு தொகுப்பில் வெறும் வயிற்று அளவு 0.09 மில்லிமோலும், எச்பிஏ1சி 0.3 புள்ளியும் குறைந்தன. இரண்டில் சாதகமானதையே எடுத்துக்கொண்டாலும், மெட்ஃபார்மின் எச்பிஏ1சியை 1 முதல் 1.5 புள்ளி வரை குறைக்கும் என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்தைக் குறைக்கும் யோசனைக்கு இடமே இல்லை. 7.8 என்பது பொதுவாக வைக்கும் 7.0 இலக்குக்கு மேலேதான் இருக்கிறது.

பிறகு ஏன் இவ்வளவு பேச்சு என்றால், ஆய்வுக்கூடக் குழாயில் கிரீன் டீ நன்றாகவே வேலை செய்கிறது. அதில் உள்ள கேட்டசின்கள், முக்கியமாக ஈஜிசிஜி, மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், குளுக்கோசிடேஸ் என்ற நொதிகளைத் தடுக்கின்றன. அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை வேலை செய்வதும் இதே இடத்தில்தான். ஆனால் ஒரு கோப்பை டீயில் இருப்பது சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் ஈஜிசிஜி. அது ஒரு தட்டுச் சோற்றோடும் குழம்போடும் கலந்து நீர்த்துப் போகிறது. ரத்தத்தில் சேர்வதோ மிகக் கொஞ்சம். சோதனைக்குழாயில் காட்டிய வேகத்தைக் குடலில் எதிர்பார்க்க முடியாது.

நம் ஊர்த் தகவலும் உண்டு. சிங்கப்பூர்ச் சீனர் சுகாதார ஆய்வு, சுமார் 37,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008ல் முடிவை வெளியிட்டது. நாளுக்கு 4 கோப்பைக்கு மேல் கோப்பி குடித்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 30 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரு கோப்பையோ அதற்கு மேலோ கறுப்புத் தேநீர் குடித்தவர்களுக்கு 14 விழுக்காடு குறைவு. கிரீன் டீக்குத் தொடர்பே தெரியவில்லை. ஜப்பானில் 17,000க்கும் மேற்பட்டோரைப் பார்த்து 2006ல் வந்த ஆய்விலோ, 6 கோப்பைக்கு மேல் கிரீன் டீ குடித்தவர்களுக்கு 33 விழுக்காடு குறைவு. இரண்டுமே நோய் வராதவர்களைப் பற்றியவை. வந்தபிறகு சீனியைக் குறைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு அவை விடை ஆகாது.

அம்மா டீ குடிக்கட்டும், கெடுதல் இல்லை. சீனி போட்ட பானம் ஒன்றின் இடத்தை அது பிடித்துக்கொண்டால் அதுவே பெரிய லாபம். இட்லி தோசையின் இடத்தை அது பிடிக்கக்கூடாது.

மாத்திரைப்பெட்டி:

மேலே சொன்ன கடைசி வரிதான் எனக்கு மிகவும் கவலை. யீஷூன்வாசி, உங்கள் பதிவில் டீயைவிட அவசரமான விஷயம் கிளிபிசைட் போட்டுவிட்டுப் பசியாறாமல் இருப்பது.

கிளிபிசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளியேற்றும் மாத்திரை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்வது, சோறு வரும் நேரத்தில் இன்சுலின் தயாராக இருக்கட்டும் என்பதற்காக. சோறே வராவிட்டால் அந்த இன்சுலின் ரத்தத்தில் இருக்கும் சீனியை 4.0க்குக் கீழே இழுத்துவிடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. கிளிபிசைட், கிளிகிளசைட், இன்சுலின் எடுப்பவர்களுக்கு உண்டு. இந்த வகை மாத்திரைக்குப் பொதுவாகச் சொல்லும் அறிவுரை, சாப்பிடாத வேளைக்கு அதைப் போடாமல் விடுவது. அம்மாவுக்கு எப்படி என்று மருந்தகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதைவிட நல்லது, தினமும் பசியாறுவது.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்க் கோபம், கண் மங்கல். இவற்றில் எது வந்தாலும் உடனே மீட்டரில் பாருங்கள். 4.0க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சீனி: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், அல்லது சாதாரண குளிர்பானம் அரை டின். 'சீரோ' என்று போட்டது வேலைக்கு ஆகாது. சாக்லேட்டும் வேண்டாம், அதன் கொழுப்பு சீனி சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். ஏறியதும் ரொட்டியோ சோறோ கட்டாயம் சாப்பிடவேண்டும், ஏனென்றால் மாத்திரையின் வேலை இன்னும் முடிந்திருக்காது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். ரத்த அழுத்தத்துக்கு பிசோபிரோலால், அட்டெனோலால் போன்றவை எடுத்தால் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வைதான் அடையாளம்.

கேப்சூல் வேண்டாம். இரண்டு காரணம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் ஆராய்ந்து, துணைச்சத்தாக நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஈஜிசிஜி எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்று கண்டது. சாதாரணமாகக் காய்ச்சிக் குடிக்கும் டீயில் அந்தக் கவலை எழவில்லை. '500 மில்லிகிராம்' என்று புட்டியில் எழுதியிருப்பது மொத்தச் சாறா, அதிலுள்ள ஈஜிசிஜியா என்று பெரும்பாலும் தெளிவாக இருக்காது. இரண்டாவதுதான் என்றால், தினம் இரண்டு போட்டால் 1,000 ஆகிவிடும். அதையும் வெறும் வயிற்றில் போட்டால் ரத்தத்தில் சேரும் அளவு இன்னும் கூடும்.

அடுத்தது இன்னும் முக்கியம். துணைச்சத்துப் பொருட்கள் இங்கே விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் பெறத் தேவையில்லை. பாதுகாப்புக்கு விற்பவர்தான் பொறுப்பு. வாட்ஸ்அப்பில் விற்பவரை எங்கே போய்த் தேடுவீர்கள்? 2008ல் சிங்கப்பூரில் நடந்ததைப் பலர் மறந்திருக்கலாம். கள்ளத்தனமாக விற்ற ஆண்மை ஊக்க மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. நீரிழிவே இல்லாத சுமார் 150 பேர் சீனி அடிமட்டத்துக்கு இறங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 4 பேர் இறந்தார்கள். கிளிபென்கிளமைட் என்பது கிளிபிசைட்டின் இனத்தைச் சேர்ந்தது. 'இயற்கைச் சத்து' எடுத்த சில நாளிலேயே சீனி மளமளவென்று குறைந்தது என்று யாராவது சொன்னால், மகிழ்வதற்கு முன் அதற்குள் என்ன மருந்து ஒளிந்திருக்கிறது என்று கேட்கவேண்டும்.

வேறு மருந்துகளோடு என்று பார்த்தால், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கிரீன் டீயைத் திடீரென்று நிறையக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. ரத்த அழுத்தத்துக்கு நாடோலால் எடுப்பவர்களுக்கு அந்த மருந்து உடலில் சேர்வதையே டீ வெகுவாகக் குறைக்கும். மெட்ஃபார்மினோடு பிரச்சினை இல்லை.

தேக்கா_தே:

போத்தல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

போத்தலைத் திருப்பி நியூட்ரி-கிரேடு குறியைப் பாருங்கள். பொட்டலம், போத்தல் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30 முதலும், கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கு 2023 டிசம்பர் 30 முதலும் அது நடப்பில் இருக்கிறது. 100 மில்லியில் 1 கிராம் வரை சீனி, செயற்கை இனிப்பும் இல்லை என்றால் 'ஏ'. 5 கிராம் வரை 'பி'. 10 கிராம் வரை 'சி'. அதற்கு மேல் 'டி'. குறிக்குள்ளேயே சீனி எத்தனை விழுக்காடு என்றும் அச்சிட்டிருக்கும்.

'பி' என்றதும் பலர் நல்லதுதானே என்று எடுத்துவிடுகிறார்கள். 5 விழுக்காடு என்று போட்ட 500 மில்லி போத்தலை முழுதாகக் குடித்தால் 25 கிராம் சீனி உள்ளே போகிறது. ஐந்து தேக்கரண்டி! மேலே மாத்திரைப்பெட்டி மயக்கத்தைத் தடுக்கச் சொன்ன 15 கிராமைவிட அதிகம். கிரீன் டீ குறைக்கும் 0.08 இதற்கு முன்னால் எங்கே நிற்கும்? சீனியில்லாத ஜப்பானிய வகைப் போத்தல்கள் எல்லாப் பேரங்காடியிலும் இருக்கின்றன. 'ஏ' என்று போட்டதை மட்டும் எடுங்கள்.

வீட்டில் போடும்போது நடக்கும் தவறு இது. கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றி, பையை உள்ளேயே விட்டுவிடுவார்கள். கசக்கும், துவர்க்கும். அதற்காகத் தேன் சேர்ப்பார்கள். தேனும் சீனிதான், ஒரு தேக்கரண்டியில் சுமார் 6 கிராம். கசப்பைச் சரிசெய்தால் தேனே தேவைப்படாது. கோப்பையில் முதலில் 50 மில்லி சாதாரண நீர் ஊற்றுங்கள், மேலே 150 மில்லி கொதிநீர். நம் ஊர் வெப்பத்துக்கு அது 80 பாகையை ஒட்டி வந்து நிற்கும், வெப்பமானி வேண்டாம். அதில் 2 கிராம் இலை, அதாவது ஒரு பை. இரண்டு நிமிடம் ஆனதும் எடுத்துவிடுங்கள், பிழியாதீர்கள். இன்னும் துவர்த்தால் ஒன்றரை நிமிடம். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடலாம். ஃபிளாஸ்கில் காலையில் போட்டு மாலைவரை வைத்தால் பழுப்பேறி, கேட்டசினும் சிதைந்து போகும். வேண்டும்போது புதிதாகப் போடுங்கள்.

மாட்சா லாட்டே கிரீன் டீ கணக்கில் வராது. கடையில் பெரும்பாலும் இனிப்புக் கலந்த தூளும் பாலும்தான். வெறும் மாட்சாத் தூள் வாங்கி நீரில் கலக்கினால் சரி.

கோப்பிக்கடைக்குப் போனால் கிரீன் டீயைத் தேடவேண்டிய அவசியமே இல்லை. பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கொசோங்' சொல்லுங்கள். 'தே' என்று மட்டும் சொன்னால் கண்டென்ஸ்டு பால் வரும். அதில் பாதிக்கு மேல் சீனி, ஒரு மேசைக்கரண்டியில் 11 கிராம். கோப்பைக்கு ஒரு கரண்டியோடு நிறுத்துபவர்கள் குறைவு. 'தே ஓ' என்றால் பால் இல்லை, சீனி உண்டு. பால் இல்லாமல் முடியாது என்பவர்கள் 'தே சி கொசோங்', அதாவது சீனி சேர்க்காமல் எவாப்பரேட்டட் பால் விட்டது. தினம் இரண்டு தே குடித்தவர் இரண்டையும் கொசோங்காக மாற்றினால் 20 கிராமுக்கு மேல் சீனி மிச்சம். எந்த டீ இலையும் இதைச் செய்யாது.

இலைப்பிரியன்:

பத்தியக்கணக்கு கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். நீரிழிவு வந்தவர்களையே பார்த்த ஆய்வும் இருக்கிறதே. ஜப்பானின் ஃபுகுவோக்காவில் 4,900க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஐந்து ஆண்டுக்கு மேல் கவனித்து 2020ல் வெளியிட்டார்கள். நாளுக்கு 4 கோப்பைக்கு மேல் கிரீன் டீ குடித்தவர்களிடம் இறப்பு 40 விழுக்காடு குறைவு. அதோடு 2 கோப்பைக்கு மேல் கோப்பியும் குடித்தவர்களிடம் 63 விழுக்காடு குறைவு. சீனியை மட்டும் வைத்து டீயை எடைபோடக்கூடாது.

பத்தியக்கணக்கு:

நல்ல ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அது யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கவனித்தது. குடிக்கச் சொல்லிப் பார்த்த சோதனை அல்ல. நாளுக்கு நாலு கோப்பை சீனியில்லாத டீயும் இரண்டு கோப்பை கோப்பியும் குடிக்கும் அளவுக்கு உடம்பு தெம்பாக இருப்பவரையும், வயிறு ஒத்துழைக்காததால் ஒன்றும் குடிக்க முடியாதவரையும் ஒப்பிட்டால், டீ இல்லாமலே முதலாமவர் நீண்ட நாள் வாழ வாய்ப்பு அதிகம். கணக்கில் எவ்வளவு சரிசெய்தாலும் இது முழுதாக நீங்காது. குடிப்பவரைத் தடுக்க ஒரு காரணமும் இல்லை என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். மருந்தைக் குறைக்க அது ஆதாரம் ஆகாது, அவ்வளவே.

இன்னொரு பக்கமும் உண்டு. கஃபீன் உள்ளே போன சில மணி நேரத்துக்கு இன்சுலினின் வேலை சற்று மந்தமாகும். நீரிழிவு உள்ளவருக்கு உணவுக்குப் பின் அளவு கொஞ்சம் ஏறலாம். கிரீன் டீயில் கோப்பைக்கு 30 மில்லிகிராம் அளவில்தான் கஃபீன் என்பதால் பெரும்பாலோருக்குத் தெரியாது, கெட்டிக் கோப்பி குடிப்பவர்களுக்குத் தெரியும். தூக்கம் கெட்டால் மறுநாள் காலை அளவு ஏறும். கடைசிக் கோப்பை மாலை நான்கு மணிக்கு முன் முடிந்துவிடட்டும்.

யீஷூன்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி, இலைப்பிரியனுக்கும்தான். கேப்சூல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பசியாறாமல் மாத்திரை போடுவதை இவ்வளவு நாள் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. டீ தன் உடம்பில் என்ன செய்கிறது என்று மீட்டரிலேயே பார்க்கவேண்டும் என்கிறார். சரியாகப் பார்ப்பது எப்படி? அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது.

பத்தியக்கணக்கு:

பார்க்கட்டும், நல்ல பழக்கம். காலை வெறும் வயிற்று எண்ணை விட்டுவிடுங்கள். பசியாறுவதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஆறு நாள் ஒரே உணவு, ஒரே அளவு: மூன்று இட்லி, சாம்பார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் வெறும் தண்ணீரோடு, மறுநாள் கிரீன் டீயோடு, இப்படி மாற்றி மாற்றி. முதல் வாய் வைப்பதற்கு முன் ஒரு அளவு. அந்த முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணினால் ஒவ்வொரு நாளும் கணக்கு மாறும். மாத்திரை நேரமும் ஆறு நாளும் ஒன்றாக இருக்கவேண்டும். நடக்கப் போவதானால் ஆறு நாளும் போகட்டும், இல்லை ஆறு நாளும் வேண்டாம். இதில் தவறினால் நடையின் பலனை டீயின் கணக்கில் எழுதிவிடுவோம், ஏனென்றால் சாப்பிட்டபின் 15 நிமிட நடை டீயைவிடத் தெளிவாக எண்ணைக் குறைக்கும்.

கையை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகே குத்தவேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் எடுத்தால் எண் தாறுமாறாக ஏறும்; ஈர விரலில் எடுத்தால் ரத்தம் நீர்த்துக் குறையும். மீட்டரில் செருகும் பட்டைகளை ஒரே புட்டியிலிருந்து எடுங்கள், எடுத்த கையோடு மூடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்து கிடந்த பட்டை கெட்டுவிடும். சாப்பாட்டுக்கு முன் 4 முதல் 7, இரண்டு மணி நேரம் கழித்து 10க்குக் கீழ் என்பது பொதுவான இலக்கு. தண்ணீர் நாள், டீ நாள் இரண்டுக்கும் சராசரி ஏற்றத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமோலுக்குள் இருக்கும் வித்தியாசத்தை வித்தியாசமாக எண்ணாதீர்கள்.

மாத்திரைப்பெட்டி:

ரத்தப் பரிசோதனை பற்றி. எச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் அதே நாளில் வெறும் வயிற்றுச் சீனியோ கொழுப்புச் சோதனையோ இருந்தால் வெறும் தண்ணீர் மட்டும்தான், சீனியில்லாத டீகூட வேண்டாம். அன்று காலை நீரிழிவு மாத்திரைகளை ரத்தம் கொடுத்து, பசியாறும் நேரத்தில் போடுவது வழக்கம். சோதனைச் சீட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

அம்மா சைவம் என்றதால் ஒன்று சேர்க்கிறேன். டீயில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் கீரை, பருப்பிலிருந்து இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிட உயர்ந்து காட்டலாம். நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு பி12 குறைவதும் உண்டு, அதுவும் சைவம் என்றால் இன்னும் எளிதாக. சோதனை நடக்கும் ஆறு நாளைத் தவிர மற்ற நாட்களில் டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஹீமோகுளோபின், பி12 இரண்டும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். மீட்டரையும், காலை வேளை பசியாறாமல் விட்ட நாட்களின் குறிப்பையும் கையோடு கொண்டு போங்கள். பசியாறாமல் விடும் வழக்கம் மாறாது என்றால், சீனியைக் கீழே இறக்காத வேறு மாத்திரைக்கு மாற்றமுடியுமா என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.